எல்லாருக்கும் பொதுவான பெட்டி

நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சான்றிதழ் வழங்கும் ஜன்னலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஓர் அறை. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைப்பதற்கென்று இருந்த அந்த அறையைத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. நாற்காலிகளை வெளியேற்றினாள், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள், அது காய்வதற்குள் நகரத்து விளக்குக் கம்பங்களில் இருப்பது போன்ற சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிகளை அதில் மாட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவுதான். வெப்பம், தூசி, சத்தம், அதிர்வு, தண்ணீர் மட்டம் என்று எல்லாவற்றையும் அளக்கிற சென்சார்கள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்தால், ஒரு பெண் தலைமுடி காயவைக்கும் மெஷினை ஒரு பெட்டியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பெட்டியின் முன்னால் நின்று பாத்திர மூடியைக் கரண்டியால் தட்டுவாள். பிறகு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

பெட்டிக்காரி என்ற பெயர் அப்படி வந்ததுதான். கூப்பிட்டவர்கள் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். அவளே போனை எடுத்து, "பெட்டிக்காரி பேசறேன், சொல்லுங்க" என்று சொல்லத் தொடங்கியதும் கிண்டல் செய்ய யாருக்கும் சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது.

அதற்கு முன் அவள் துணி துவைக்கும் மெஷின் செய்யும் தொழிற்சாலையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். எப்போது தண்ணீரை விடுவது, எப்போது சுற்றுவது, கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எப்படி முரண்டு பிடிப்பது என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனது. அவள் போகவில்லை. அவள் கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். தன் வழித்தடத்தில் உள்ள குண்டுகுழிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்குப் பழகியவன், அதை விட்டு வரமாட்டான். மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. கணவனின் தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். அந்த நாத்தனாருக்கும் நகராட்சியில்தான் வேலை, ஏணி வண்டிப் பிரிவில். விளக்குக் கம்பங்களில் ஏறி பல்பு மாற்றுவாள், கம்பத்துப் பெட்டிகளுக்குப் பேட்டரி மாற்றுவாள். ஆக, அண்ணி கீழே உட்கார்ந்து எழுதுவதன் பலனை நாத்தனார் மேலே ஏறி அனுபவிக்க வேண்டியிருந்தது. இது முதலில் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஒரு காலத்தில் ஒவ்வொரு துறையும் தனக்கென்று தனிப்பெட்டி மாட்டி வைத்திருந்தது. கால்வாய்த் துறைக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று, காற்று மாசுக்கு ஒன்று. கம்பங்கள் எல்லாம் மூட்டை தூக்குகிறவர்கள் மாதிரி நின்றன. தலைமைப் பொறியாளர் ஒருநாள் அலுத்துப்போய் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கம்பத்துக்கு ஒரே பெட்டி, எல்லா சென்சாரும் அதற்குள், எந்தத் துறை வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்றார். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்கு மூளை ஒன்றுதான். ஒரு துறை தன் புரோகிராமை ஏற்றினால், அதற்கு முன் ஏற்றியவருடையது அழிந்துபோகும். இதைச் சரிசெய்யத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள்.

அவள் சேர்ந்த புதிதில், கால்வாய்த் துறை மேற்பார்வையாளர் மூச்சு வாங்க வந்து நின்றார். கனத்த உடம்பு, முழங்கால் வரை சேறு.

"மேடம், நேத்து வரைக்கும் தண்ணி மட்டம் சொல்லிட்டிருந்த பெட்டி, இன்னைக்கு லாரி எண்ணிட்டிருக்கு!"

"எத்தனை லாரியாம்?" என்று கேட்டாள் அவள்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கால்வாய்க்காரரும் அவளும் சினேகம்.

முதலில் எல்லாருக்கும் அவளே எழுதிக்கொடுத்தாள். யாருடையதும் அழியாதபடி, நாலைந்து பேருடைய தேவையையும் ஒரே புரோகிராமுக்குள் சேர்த்துத் தைத்துப் பார்த்தாள். ஒருவர் ஓர் எண்ணை மாற்றச் சொன்னால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அறை வாசலில் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். சான்றிதழ் வரிசை எது, பெட்டி வரிசை எது என்று தெரியாமல் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் கேட்டு ஓர் ஆள் அவள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். இனி யாருக்கும் புரோகிராம் எழுதிக்கொடுப்பதில்லை, அவரவரே எழுதிக்கொள்ள ஒரு வழி செய்துகொடுப்பது என்று முடிவு செய்தாள்.

அதற்கு ஒரு சின்ன மொழி தேவைப்பட்டது. ஒரு கைப்பிடி வார்த்தைகள் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. எந்த இடம், எதை அளக்க வேண்டும், எவ்வளவு தாண்டினால், யாருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எந்தப் பெட்டியை எழுப்புவது, எந்த வழியாகச் செய்தியை அனுப்புவது, பக்கத்தில் வேறு யாருடைய புரோகிராம் ஓடுகிறது என்பதெல்லாம் எழுதுகிறவர் தலையில் ஏறக்கூடாது. அதை அவள் கம்ப்யூட்டரில் செய்யப்போகிற கருவியே பார்த்துக்கொள்ளும்.

முதல் ஆளாகக் கால்வாய்க்காரரை உட்காரவைத்தாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். கால்வாய் ஓரம் எங்கேயாவது தண்ணீர் முழங்கால் அளவு தாண்டினால் எனக்குச் சொல்லு.

"எந்தப் பெட்டின்னு போடலையே?" என்றார்.

"அது எதுக்கு உங்களுக்கு? அது பெட்டிங்க பாடு."

"அப்போ முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவர் திரையைச் சந்தேகமாகப் பார்த்தார். "நான் புரோகிராம் எழுதிட்டேனா?"

"எழுதிட்டீங்க. வீட்டுல போய்ச் சொல்லுங்க."

எல்லாருடைய புரோகிராமும் 'சொல்லு' என்றே முடிந்ததால் அந்த மொழிக்கே சொல்லு என்று பெயராகிவிட்டது. "சொல்லுல எழுதியாச்சா?" என்று மாடிப்படிகளில் பேசிக்கொண்டார்கள். பெட்டிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் கணவனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு வீடு வரும்வரை அதையே பேசினாள். அவன் எல்லா நிறுத்தத்திலும் சரியாக நிறுத்தினான், அவள்தான் தன்னுடைய நிறுத்தத்தில் இறங்க மறந்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்குக் கண் பட்டது மாதிரி ஒரு காரியம் நடந்தது. ஒலி மாசுப் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். எல்லாரும் அவரைச் சத்தக்காரர் என்பார்கள். அவர் குரல் என்னவோ, பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும். அவரும் சொல்லுவில் எழுதினார். நகரம் முழுக்க, சத்தத்தை, நொடிக்கொரு தரம் எனக்குச் சொல்லு. கருவி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. நகரத்தின் அத்தனை பெட்டிகளும் தூக்கமில்லாமல் கத்த ஆரம்பித்தன.

முதலில் கடைவீதிப் பெட்டிகளின் பேட்டரி தீர்ந்தது. பிறகு பேருந்து நிலையம். பிறகு கால்வாய்க் கரை.

அந்த வாரம் நாத்தனார் வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே?" என்றாள் பெட்டிக்காரி.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"சொல்லேன்."

"சொல்லு, சொல்லு, சொல்லு! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது." தட்டைத் தள்ளி வைத்தாள். "யாரோ ஒருத்தர் கீழ உக்காந்து ஒரு வரி எழுதறாங்க. எனக்கு ஒரு தெரு முழுக்க ஏணி. ஒரு வரிக்கு ஒரு தெரு அண்ணி! அதைக் கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

அண்ணன்காரன் தண்ணீர்ச் செம்பை எடுப்பதுபோல எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டான். இந்த மாதிரி நேரங்களில் அவன் எப்போதும் சமையலறைப் பக்கம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் மறுநாள் வானத்திலிருந்து வந்தது. காலையில் பெய்த மழையில் கால்வாய் ஏறியது. கரையோரப் பெட்டிகள் பாதி செத்துக் கிடந்ததால் கால்வாய்க்காரருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. பாலத்துக்குப் பக்கத்து அச்சகத்தின் நிலவறையில் தண்ணீர் புகுந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் புத்தகம் அச்சிட வைத்திருந்த காகித உருளைகள் ஊறிப் பெருத்துவிட்டன. அவள் நேரில் போய்ப் பார்த்தாள். அச்சகத்துக்காரர் ஓர் உருளையை விரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே போய்விட்டது. அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "மேல ஏத்தி வெச்சிருப்பேன்மா, தெரிஞ்சிருந்தா" என்று மட்டும்தான் சொன்னார்.

மதியமே தலைமைப் பொறியாளர் கூப்பிட்டுவிட்டார். அவர் அறையில் கால்வாய்க்காரரும் சத்தக்காரரும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"போதும்மா" என்றார் பொறியாளர். "இனிமே பெட்டியெல்லாம் கால்வாய்க்கு மட்டும். மத்தவங்க அவங்கவங்க வழியப் பாத்துக்கட்டும். பொதுன்னு வெச்சதுதான் தப்பாப் போச்சு."

சத்தக்காரர் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"சார்," என்றாள் பெட்டிக்காரி, "பொதுன்னு வெச்சது தப்பில்ல. இவரு மேலயும் தப்பில்ல. இவருக்கு என்ன வேணுமோ அதைக் கேட்டாரு. எதையும் கேள்வி கேக்காம சரின்னு தலையாட்டற மாதிரி சொல்லுவைச் செஞ்சது நான். அதுக்கு வாதாடத் தெரியல. கத்துக் கொடுக்கறேன்."

"எப்போ?"

"அடுத்த பெருமழைக்குள்ள."

"மழை உங்களைக் கேட்டுக்கிட்டா வரும்?"

"வராது சார். அதனாலதான் இன்னைக்கே ஆரம்பிக்கறேன்."

பொறியாளர் அவளையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தன்னால் முடியும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை, அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "சரி, போங்க" என்றார் அவர்.

அவள் முதலில் போனது நாத்தனாரிடம். ஏணி வண்டியில் அவளோடு தெருத்தெருவாகச் சுற்றினாள். செத்த பெட்டிகளை இறக்கி அங்கேயே கேபிளை மாட்டி, கடைசியாக அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று பார்த்தாள். அளப்பதற்கு ஆன செலவு கொஞ்சம்தான். அளந்ததை ரேடியோவில் சொல்வதற்குத்தான் பேட்டரி கரைந்திருந்தது. அதுவும் ஒரே கம்பத்தில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டால், பெட்டி இரண்டு தரம் அளந்து இரண்டு தரம் கத்தியிருந்தது.

"கேக்கறதுக்குச் செலவு கம்மி, பேசறதுக்குத்தான் செலவு" என்றாள் அவள், நடைபாதையில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி.

ஏணியின் மேலிருந்து நாத்தனார் சொன்னாள்: "இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு தூரம் வரணுமா? நம்ம வீட்டுலயே அண்ணனைப் பாத்திருக்கலாமே. வாயே திறக்காம எவ்வளவு தெம்பா இருக்காரு!"

அவர்கள் சமாதானமானது அந்த நிமிஷத்தில்தான்.

பெட்டிக்காரி கருவியைப் பிரித்து மறுபடி கட்டினாள். இப்போது யாராவது சொல்லுவில் எழுதினால், அது பெட்டிகளுக்குப் போவதற்கு முன் ஒரு வரைபடம் விரியும். இந்த வரியால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு சீக்கிரம் ஏணி வர வேண்டியிருக்கும் என்று அந்தந்தத் தெருவில் சின்னச் சின்ன ஏணிகள் முளைக்கும். மின்சாரக் கணக்கைக் காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள்கூட, திரையெல்லாம் ஏணியாக முளைத்தால் கையை எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கடுத்து ஒத்திகை. புதிய புரோகிராமைக் கடந்த நாட்களில் பெட்டிகள் அளந்ததன் மேல் ஓட்டிப் பார்த்து, நேற்று இது எத்தனை தரம் கூப்பிட்டிருக்கும் என்று சொல்லும். ஒருவருக்காக அளந்ததையே மற்றவருக்கும் கொடுக்கும். வெள்ளம், தீ என்று வந்துவிட்டால் மற்றவர்களை நிற்கவைத்து, ஏன் நிற்கவைத்தது என்றும் சொல்லும்.

மிச்சமிருந்தது சத்தக்காரர். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. அவள் தேநீர் இரண்டு கோப்பை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கே போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக் காதை அவர் பக்கம் சாய்த்தாள்.

"சார், நொடிக்கொரு தரம் வர்ற சத்தத்தை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

அவர் கோப்பையைக் கையில் வாங்கினார். "ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஹாரன் அடிக்கறாங்க. பள்ளிக்கூடம் பக்கத்துல கட்டட வேலை. அது மட்டும்தான் எனக்கு வேணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அதான் எல்லாத்தையும் கேட்டேன்."

"அப்படின்னா பெட்டியைக் கேட்டுக்கிட்டே இருக்கச் சொல்லுவோம். அளவு தாண்டினா மட்டும் வாயைத் திறக்கட்டும்."

இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். வரைபடம் விரிந்தது. முன்பு எழுதியதைப் போட்டுப் பார்த்தபோது காடாக முளைத்த ஏணிகள், இப்போது தேடிப் பார்த்தால்தான் தெரிந்தன. சத்தக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் குரலை அந்த அறையில் இருந்தவர்கள் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி என்பதால் பாலத்துப் பெட்டியையும் சேர்த்துக்கொண்டார்.

பெருமழை வந்த அன்று பெட்டிக்காரி பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தாள். கடைவாய்ப்பல் பல நாட்களாகத் தொந்தரவு. போன் பைக்குள், பை கதவு ஓரம். வெளியே மழை கொட்டுவது கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள். "அசையாதீங்க" என்றார் டாக்டர்.

அதே நேரம் கால்வாய்க்காரர் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் இருந்தார். மேட்டுப் பகுதிப் பெட்டிகள் தண்ணீர் ஏறுவதாக ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தன. கருவி அந்தப் பகுதியில் மற்றவர்களின் செய்திகளை நிறுத்தி வைத்திருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒன்றைத் தவிர. பாலத்தடியில் இருந்த பெட்டி மட்டும் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தது. ஏதோ பிளாஸ்டிக் தாள் வந்து அதன் அளவுக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆள் அனுப்பிப் பார்த்து வருவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். கணுக்கால் அளவுதான் என்கிறபோது நகரத்தின் முக்கியமான சாலையை அவரால் மூடவும் முடியாது.

தலைமைப் பொறியாளர் பெட்டிக்காரிக்கு போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தார்.

கால்வாய்க்காரர் காத்திருக்கவில்லை. "தண்ணி மட்டம் பொய் சொல்லலாம். தண்ணி போடற இரைச்சல் எங்க போகும்?" என்று முணுமுணுத்தார். ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். பாலத்தடியில் சத்தம் கூடி, வண்டிச் சத்தம் மாதிரி வந்து போகாமல் நின்று நீடித்தால் எனக்குச் சொல்லு. கருவி ஒத்திகை பார்த்தது. கடந்த நாட்களில் ஒரு தடவைகூட இது கூப்பிட்டிருக்காது என்றது. அந்தப் பெட்டி இன்னொருவருக்காக ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, புதிதாக ஏணி தேவையில்லை என்றும் சொன்னது. அவர் அனுப்பினார். உட்கார்ந்த இடத்தில் இரண்டு மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிட்டது. சத்தம் கூடியிருக்கிறது. நீடிக்கிறது.

பாலத்துச் சாலையை மூடினார்கள். டவுன் பஸ்கள் சுற்று வழியில் திரும்பின. அவர் அச்சகத்துக்காரருக்குத் தானே போன் செய்து, உருளைகளை மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றி முடித்த பிறகுதான் நிலவறைப் படியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

பெட்டிக்காரி மரத்துப்போன கன்னத்தோடு வெளியே வந்து போனைப் பார்த்தாள். தலைமைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர். குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள். சொட்டச் சொட்டக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது எல்லாரும் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ஞாச்சு?" என்றாள். நாக்கு புரளவில்லை.

"ஒண்ணும் ஆகல மேடம். உக்காருங்க" என்றார் கால்வாய்க்காரர்.

நடந்ததைச் சொன்னார்கள். அவள் நின்றபடியே கேட்டாள். பெருமையாக இருந்தது. கூடவே, தான் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்துவிட்டதில் ஒரு சின்னக் குத்தலும் இருந்தது. நம்மைத் தேடியிருப்பார்கள், நாம் இல்லாமல் தவித்திருப்பார்கள் என்று ஓடிவந்தவளுக்கு ஒரு கோப்பைத் தேநீர்தான் மிச்சம். அதையும் மரத்த வாயால் குடிக்க முடியவில்லை. சட்டையில் ஊற்றிக்கொண்டாள். சத்தக்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்து, "இன்னைக்கு ஆஸ்பத்திரி ரோடு ரொம்ப அமைதி" என்றார். அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

அவள் திரையில் இருந்த அந்த வரியைப் படித்தாள். பழக்கதோஷம், கை கீபோர்டுக்குப் போனது. "இந்த இடத்துல ஒரு வார்த்தையைக் குறைச்சா இன்னும்..."

கால்வாய்க்காரர் தன் கனத்த கையை நடுவில் வைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அது நான் எழுதினது. கை வைக்காதீங்க."

அவள் கையை எடுத்தாள். பிறகு, பாதி வாயால், அறை அதிரச் சிரித்தாள்.

பெட்டிகளைப் பூட்டுகிற பேச்சை அதற்குப் பிறகு பொறியாளர் எடுக்கவில்லை. இப்போது அந்த நகரத்தில் நூலகமும் சொல்லுவில் எழுதுகிறது, தீயணைப்பு நிலையமும் எழுதுகிறது. நாத்தனார்கூட, எந்தத் தெருவில் கம்பம் காற்றில் அதிகம் ஆடுகிறது என்று பார்த்து ஏறுவதற்குத் தனக்கென்று ஒன்று எழுதி வைத்திருக்கிறாள். அதை அண்ணியிடம் கேட்காமலே எழுதினாள், அண்ணிக்கு அதில் தனிப்பெருமை. பக்கத்து நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுபடி வரப்போகிறார்களாம். போன வாரம் பூங்காத் துறைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி அவள் வாசலில் தயங்கி நின்று, "மேடம், மரத்துக்குத் தண்ணி பத்தலைன்னா பெட்டி சொல்லுமாமே, எனக்கு எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதித் தர மாட்டேன்" என்றாள் பெட்டிக்காரி. நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு நேரே இழுத்துப் போட்டு, அதன் முதுகைத் தட்டினாள். "உக்காரும்மா. உன் மரத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"